மீண்டும் பாலித் தீவுக்கு

2021ஆம் ஆண்டு முழுவதும், ஜனவரி தொடங்கி டிசம்பர் முடிய, பாலித் தீவுக்கு அயல்நாடுகளிலிருந்து நேரே வந்து இறங்கிய பயணிகள் 51 பேர். எங்கள் தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலில் சங்கடஹர சதுர்த்தி மாலை அபிஷேகத்துக்கு நிற்கும் கூட்டம் இதைவிடப் பெரிது. இரண்டே ஆண்டுகளுக்கு முன், 2019இல், அதே தீவுக்கு வந்த அயல்நாட்டார் 62 லட்சத்துக்கும் மேல்.

அந்த 62 லட்சத்திலும் நாங்கள் இல்லை. 51 பேரிலும் இல்லை. 2020 மார்ச்சில் சென்று, யாத்திரையைப் பாதியில் விட்டு அஞ்சி ஓடி வந்தவர்களில் நானும் என் மனைவியும் இருவர். 2024 புரட்டாசியில் மீண்டும் சென்றோம். இடைப்பட்ட நான்கரை ஆண்டுகள் எங்கள் வீட்டில் ஒரே கேள்வி தீராமல் கிடந்தது: இனிக் கடல் தாண்டிப் போகலாமா? நம் வயதினர் பலர் இல்லங்களில் அக்கேள்வி இன்னும் கிடக்கிறது என்பதை, கோயில் பிராகாரங்களில் பேசிக்கொள்வதிலிருந்து அறிகிறேன். அதனாலேயே இதை எழுதத் துணிந்தேன்.

பாலி, இந்தோனேசிய நாட்டின் ஒரு மாநிலம். இஸ்லாமியர் மிகப் பெரும்பான்மையாக வாழும் அந்நாட்டில், இத்தீவில் மட்டும் நூற்றுக்கு 86 பேருக்கு மேல் இந்துக்கள். வீட்டுக்கு வீடு கோயில், வயலுக்கு வயல் கோயில், சந்திக்குச் சந்தி கோயில். மூன்று சந்தியா காலங்களிலும் ஒலிபெருக்கியில் காயத்ரி மந்திரம் கேட்கும். ஆண்டுக் கணக்கு சாலிவாகன சகாப்தம். ஆனால் நம் கண்ணுக்குப் பழகிய மூலவரை அங்கே தேடினால் கிடைக்க மாட்டார். கருங்கல்லில் பத்மாசனம் என்னும் உயர்ந்த இருக்கை எழுப்பி, அதை வெறுமையாக வைத்திருக்கிறார்கள். திருவிழா நாளில் இறைவனை அந்த இருக்கைக்கு எழுந்தருளுமாறு அழைத்து, பூஜித்து, பின்னர் வழியனுப்புகிறார்கள். முதல் முறை பார்க்கும்போது சந்நிதியில் ஏதோ குறைவதுபோல் எனக்குத் தோன்றியது. மறுமுறை அவ்வாறு தோன்றவில்லை.

அங்கே போக வேண்டும் என்ற ஆவல் என் மனைவியுடையது. எனக்கு எழுபது நிறைந்தபோது திருக்கடையூரில் பீமரத சாந்தி செய்துகொண்டோம். காலனிடமிருந்து மார்க்கண்டேயரைக் காத்த ஸ்தலம் அது என்பது நாம் அனைவரும் அறிந்தது. பாலியின் தாய்க்கோயிலான பெசாகி, மார்க்கண்டேய ரிஷி ஜாவாவிலிருந்து வந்து பஞ்சலோகங்களைப் பூமியில் புதைத்து அமைத்த இடம் என்று அத்தீவினர் சொல்கிறார்கள். அவர்தாம் இவரா என்பதை ஆராய்ச்சியாளர் முடிவு செய்யட்டும். "அமிர்தகடேசரைப் பார்த்தாயிற்று, அந்த ரிஷி அமைத்த கோயிலையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்" என்றாள் அவள். பதினான்கு பேர் கொண்ட குழுவில் சேர்ந்தோம்.

2020 மார்ச் முதல் வாரத்தில் தீவில் இறங்கினோம். கடலலை நடுவே பாறைமேல் நிற்கும் தானா லோட், செங்குத்தான குன்றின் விளிம்பில் நிற்கும் உலுவாட்டு இரண்டையும் தரிசித்தோம். பெசாகி குழுவின் நிரலில் இல்லை. ஆகவே எங்களுக்கு வண்டியோட்டி வந்த உள்ளூர்க்காரரிடம் தனியே பேசி, மார்ச் 14 அன்று அழைத்துச் செல்வதாக ஏற்பாடு. முன்பணம் மூன்று லட்சம் கொடுத்தேன். திகைக்க வேண்டாம், அது ரூபியா. நம் பணத்தில் 1,500 ரூபாய்ச் சொச்சம்.

மார்ச் 11 அன்று தீவின் மருத்துவமனை ஒன்றில் வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் இறந்தார். இந்தோனேசியாவில் கொரோனாவால் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம் அது. செய்தி விடுதி முழுவதும் பரவியது. சென்னையிலிருந்து பிள்ளைகள் மணிக்கொரு முறை பேசினார்கள். விமானங்கள் நின்றுவிடும் என்றார்கள். எங்களை அழைத்து வந்த பயண ஏற்பாட்டாளர் மறுநாள் முதல் தொலைபேசியை எடுக்கவில்லை. பதினான்கு பேரும் ஆளுக்கொரு வழியாகப் பயணச்சீட்டு தேடினோம். எங்களுக்குச் சிங்கப்பூர் வழியாக இரண்டு இடம் கிடைத்தது. விலையைச் சொன்னால் வாசகர்கள் வருந்துவார்கள்.

அந்த வண்டியோட்டி இரவு இரண்டு மணிக்கு வந்தார். அவர் பெயரை எழுதினாலும் யாரென்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது. பாலியில் முதற்பிள்ளைக்கு இன்ன பெயர், இரண்டாம் பிள்ளைக்கு இன்ன பெயர் என்று பிறந்த வரிசைப்படி பெயரிடுவது மரபு. தீவின் மூத்த பிள்ளைகளில் ஏராளமானோர் அவர் பெயர் கொண்டவர்களே. என் மனைவியை இபு என்பார். அம்மா என்று பொருள். என்னைப் பாபக் என்பார், அப்பா. பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, "நீங்கள் உள்ளே போய்ச் சீட்டு கையில் வாங்கும்வரை இங்கேயே நிற்கிறேன், விமானம் இல்லை என்றால் என் வீட்டுக்குத் திரும்பிவிடலாம்" என்றார். சிங்கப்பூரில் இறங்கிய பிறகுதான் முன்பணத்தின் நினைவு எனக்கு வந்தது. அது போனது போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதன் பின் நடந்ததை நாம் அனைவரும் பட்டு அறிந்தோம். எங்கள் வீட்டில் பட்டது இது. 2021 மே மாதம், இரண்டாம் அலையில், என் மனைவியின் தம்பி சென்னையில் ஒரு மருத்துவமனையில் காலமானார். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மைல் தொலைவுகூட இல்லை. முகம் பார்க்க அனுமதி இல்லை. உறையில் சுற்றி வண்டியில் ஏற்றினார்கள். அவர் மகன் மட்டும் தூர நின்று பார்த்தான். பிறகு சாஸ்திரப்படி செய்ய வேண்டியவற்றைச் செய்தோம் என்றாலும், அக்காளின் மனத்தில் அது முடியாத காரியமாகவே நின்றுவிட்டது.

அதிலிருந்து, பெசாகி என்ற பேச்சை எடுத்தாலே அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். ஒரு நாள் நேராகவே சொன்னாள்: "நம் ஊரில், நம் தெருவுக்கு அடுத்த தெருவில், கூடப் பிறந்தவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாஷை தெரியாத ஊரில் உங்களுக்கோ எனக்கோ ஒன்று ஆகிவிட்டால் யார் இருக்கிறார்கள்?"

என்னிடம் பதில் இல்லை. ஊர் உலகத்தில் அப்போது சொல்லப்பட்டு வந்த பதில்களும் இக்கேள்விக்கானவையாக எனக்குத் தோன்றவில்லை. சுற்றுலாவை நம்பியிருந்த நாடுகள் யாவும் பயணிகளின் நம்பிக்கையை மீட்கப் பெருமுயற்சி செய்தன. இந்தோனேசிய அரசு, தூய்மை, உடல்நலம், பாதுகாப்பு, சுற்றுச்சூழல் என்ற நான்கையும் சோதித்து விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் சான்றிதழ் வழங்கியது. பாலியில் உபுட், சானுர், நுசா துவா ஆகிய மூன்று பகுதிகளைப் பசுமை மண்டலங்கள் என அறிவித்து, அங்கு வாழ்வோருக்கு முன்னுரிமையில் தடுப்பூசி போட்டார்கள். 2021 அக்டோபர் 14 அன்று, இந்தியா உள்ளிட்ட 19 நாட்டினருக்குத் தீவின் கதவு திறந்தது. ஆனால் ஒரு விமானமும் வரவில்லை. வருவோர் ஐந்து நாள் அறைக்குள் அடைந்து கிடக்க வேண்டும் என்ற விதி இருந்தால் யார் வருவார்கள்? 2022 பிப்ரவரி 3 அன்றுதான் ஜப்பானிலிருந்து முதல் நேரடி விமானம் இறங்கியது; அதில் இருந்த சுற்றுலாப் பயணிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மார்ச் மாதம் அந்தத் தனிமை விதியை நீக்கிய பிறகே கூட்டம் திரும்பியது. அந்த ஆண்டு 21 லட்சம், அடுத்த ஆண்டு 52 லட்சம். வந்தவர்களில் ஆஸ்திரேலியருக்கு அடுத்தபடி நம்மவர்களே.

இளையோர் திரும்பினார்கள். முதியோர் பலர் தயங்கினோம். கிருமிநாசினி தெளித்த அறை என்று சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்து ஓர் எழுபது வயதுக்காரர் மூட்டை கட்டிவிடுவார் என்று எண்ணியவர்கள், முதுமையின் அச்சம் எதுவென்று கேட்டறியவில்லை. நோய் எங்கும் வரும். வந்தபோது யாரும் அருகில் இல்லாமற் போவதே எங்கள் கவலை.

இந்தக் காலம் முழுவதும் அந்த வண்டியோட்டி எங்களுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். பேரன் என் கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டுவான். முதற்செய்தி 2020 மார்ச் 26 அன்று வந்தது. அதற்கு முந்திய நாள் அவர்களுடைய சகாப்தப் புத்தாண்டு, 1942. அன்று தீவு முழுவதும் மௌனம் காக்கும். நியெப்பி என்று பெயர். விளக்கில்லை, அடுப்பில்லை, வேலையில்லை, வெளியே நடமாட்டமில்லை. விமான நிலையமே ஒரு நாள் மூடிக் கிடக்கும். அதற்கு முந்திய மாலை பூத உருவங்களைத் தோளில் தூக்கி ஊர்வலம் விடுவது வழக்கம். அந்த ஆண்டு நோய் கருதி ஊர்வலத்தை நிறுத்தினார்கள். மௌன நாள் முடிந்த பிறகும் இன்னொரு நாள் வீட்டிலேயே இருக்கச் சொல்லி ஆணை. "இரண்டாம் நாளும் மௌனம். நலமாக ஊர் சேர்ந்தீர்களா?" என்று கேட்டிருந்தார்.

ஏப்ரலில் அயல்நாட்டாருக்குக் கதவு மூடப்பட்டது. அந்த ஆண்டு தீவின் பொருளாதாரம் 9 சதவீதத்துக்கும் மேல் சுருங்கிற்று. விடுதிகளில் வேலை பார்த்தவர்கள் கிராமங்களுக்குத் திரும்பினார்கள். நுசா லெம்போங்கான் என்னும் சிறு தீவில், சுற்றுலா வந்த பிறகு கைவிட்டிருந்த கடற்பாசி விவசாயத்தை மீண்டும் தொடங்கினார்கள். நம் நண்பர் வண்டியை விற்றுவிட்டு, தபானான் மாவட்டத்தில் தம் தந்தையின் வயலில் இறங்கினார். பாலியின் வயல்கள் சுபாக் என்னும் நீர்ப்பங்கீட்டுச் சங்கங்களால் பிணைக்கப்பட்டவை. ஒவ்வொரு சங்கத்துக்கும் கோயில் உண்டு. எப்போது நீர் விடுவது, எப்போது நடுவது என்பதைக் கோயிலில் கூடியே முடிவு செய்கிறார்கள். யுனெஸ்கோ 2012இல் அதை உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. நெல்லுக்குத் தெய்வம் தேவி ஸ்ரீ. நம் மகாலட்சுமியை வயலில் காணும் பாக்கியம் அவர்களுக்கு.

அவர் அனுப்பிய படங்களில் பெரும்பாலானவை பூத்தட்டுகள். குருத்தோலையைக் கிழித்து மடித்துக் கையகலத் தட்டு முடைந்து, கிழக்கே வெள்ளை, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலம் அல்லது பச்சை எனத் திசைக்கொரு நிறத்தில் மலர் வைத்து, ஊதுவத்தி ஏற்றி, வாசலிலும் முச்சந்தியிலும் கோயிலிலும் நாள்தோறும் வைப்பார்கள். சானாங் சாரி என்று பெயர். சுற்றுலா வந்தவர்கள் அதைக் கடைவாசலில் கண்டு படமெடுத்துக்கொண்டு, தங்களுக்காகவே அலங்கரித்திருக்கிறார்கள் என்று எண்ணுவதுண்டு. நானும் 2020இல் அப்படித்தான் நினைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இப்போது வந்த படங்களில் கடைகள் பூட்டிக் கிடந்தன. கடற்கரை வெறிச்சோடிக் கிடந்தது. பூட்டிய கடையின் வாசலில் அந்தத் தட்டு மட்டும் புதிய பூவோடு இருந்தது. என் மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

2021 ஜூலையில் ஒரு செய்தி வந்தது. அவருடைய தந்தை நோயில் இறந்துவிட்டார்.

தீவு வெறிச்சோடியது அது முதன்முறை அன்று என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1963இல் ஆகுங் எரிமலை வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சரிவில் இருக்கும் பெசாகிக் கோயிலைத் தீக்குழம்பு சிறிது தூரத்தில் விலகிச் சென்றது. 2002 அக்டோபர் 12 அன்று கூட்டா கடற்கரைப் பகுதியில் குண்டு வெடித்து 202 பேர் இறந்தனர், பயணிகள் அகன்றார்கள். ஒரு மாதம் கழித்து, நவம்பர் 15 அன்று, அந்த இடத்தில் பெரும் சுத்தி யாகம் செய்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் அயல்நாட்டார், அயல்மதத்தார். அவர்கள் ஆன்மாக்கள் நற்கதி அடையவும் சேர்த்தே வேண்டினார்கள். 2017இல் ஆகுங் மீண்டும் புகைந்தபோது விமான நிலையம் சில நாள் மூடப்பட்டது. ஒவ்வொரு முறையும் மக்கள் திரும்பி வந்தார்கள்.

2024 ஆடியில் மனைவியே பேச்சை எடுத்தாள். "அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு என்ன செய்தார்களாம்? கேட்டீர்களா?" நான் கேட்கவில்லை. பேரனை விட்டுக் கேட்கச் சொன்னாள். பதில் வந்தது: அன்று சுகாதார விதிப்படி உடனே எரியூட்டிவிட்டார்கள், ஊர்ச் சடங்கு நடக்கவில்லை, பின்னர் 2023இல் கிராமத்தார் கூடி நடத்திய ஙாபென் என்னும் கூட்டுத் தகனச் சடங்கில், அவருக்குப் பதிலாக உருவம் செய்து வைத்து எல்லாவற்றையும் முறைப்படி நிறைவேற்றினார்கள். உடல் கிடைக்காதபோது தர்ப்பையால் உருவம் சமைத்துத் தகனம் செய்வது நம் சாஸ்திரத்திலும் உண்டல்லவா? செய்தியின் கடைசியில் ஒரு வரி இருந்தது. "செப்டம்பர் 25 கலுங்கான். அப்பா வீட்டுக்கு வருவார். நீங்களும் வரலாம்."

கலுங்கான் 210 நாளுக்கு ஒரு முறை வரும் பண்டிகை. தர்மம் வென்ற நாள் என்பார்கள். அன்று முன்னோர்கள் தங்கள் இல்லங்களுக்கு இறங்கி வந்து, பத்து நாள் கழித்துக் குனிங்கான் அன்று திரும்புகிறார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. நாட்காட்டியைப் புரட்டினேன். செப்டம்பர் 25 நமக்கு மஹாளய பக்ஷத்தின் நடுவில் வருகிறது! நம் பித்ருக்களும் பூமிக்கு வரும் அதே பதினைந்து நாள். மனைவி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பக்ஷத்தில் ஊரை விட்டுப் போகலாமா என்று வாத்தியாரைக் கேளுங்கள்" என்றாள். அமாவாசைக்கு முன்பே திரும்பிவிட வேண்டும், தர்ப்பணம் தவறக் கூடாது என்றார் எங்கள் வாத்தியார். அமாவாசை அக்டோபர் 2. செப்டம்பர் 22 புறப்பட்டு 30 திரும்புவதாக முடிவு செய்தோம்.

இம்முறை ஏற்பாட்டாளர் யாருமில்லை. மருத்துவரிடம் காட்டினோம், பயணக் காப்பீடு எடுத்தோம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் அது பொருந்துமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். முதியோருக்கு அதுதான் முக்கியம். மருந்துச் சீட்டோடு பதினைந்து நாள் மருந்து கைப்பையில். அங்கு இறங்கியதும் விசாவுக்கு ஐந்து லட்சம் ரூபியா. 2024 பிப்ரவரி முதல் தீவுக்கென்று தனியே ஒன்றரை லட்சம் ரூபியா வரி. சைவ உணவு கிடைக்கும். ஆனால் காய்கறி என்று நம்பி வாங்கும் சம்பலில்கூட தெராசி என்னும் இறால் விழுது இருக்கக்கூடும், கேட்டு வாங்க வேண்டும். நாங்கள் அவல், பொரி, பருப்புப்பொடி கொண்டு சென்றோம்.

விமான நிலைய வாசலில் அவர் நின்றிருந்தார். முகக்கவசம் இல்லாத முகத்தை நான்கரை ஆண்டுக்குப் பின் பார்க்கிறோம். வேறு வண்டி, வாடகை வண்டி. தலை நரைத்திருந்தது. மனைவி கேட்ட முதல் கேள்வி, "அம்மா எப்படி இருக்கிறார்கள்?"

செப்டம்பர் 24 அன்று தீர்த்த எம்புல் சென்றோம். கி.பி. 962இல் ஏற்பட்டதாகச் சொல்லப்படும் ஊற்றுக்கோயில். வழிபாட்டைத் தடை செய்த மாயதானவன் என்னும் அசுரன் நீர்நிலையை நஞ்சாக்க, அதைப் பருகிய தேவசேனை மாண்டு விழுந்ததாம். இந்திரன் கொடியை நிலத்தில் ஊன்றி அமிர்த ஊற்றைப் பெருகச் செய்து அவர்களை எழுப்பினானாம். அந்த அசுரன் வீழ்ந்ததையே கலுங்கானாகக் கொண்டாடுகிறார்கள் என்றும் ஒரு வழக்கு உண்டு. குளத்தில் வரிசையாகக் கல்தூம்புகளிலிருந்து நீர் விழுகிறது. இடக்கோடியில் தொடங்கி ஒவ்வொன்றின் கீழும் தலை நனைத்துச் செல்ல வேண்டும். இடையில் இரண்டு தூம்புகளை விட்டுவிட வேண்டும் என்றார் நண்பர். அவை இறந்தோர் கிரியைக்குரியவை.

மனைவி குளத்தில் இறங்கவில்லை. முழங்கால் இடம் தரவில்லை. ஓரத்தில் நின்று நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள். பின், யாரும் நில்லாத அந்த இரண்டு தூம்புகளையும் பார்த்தபடி நின்றாள். தம்பியின் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னதை நான் அந்த மூன்று ஆண்டுகளில் அன்றுதான் கேட்டேன்.

மறுநாள் கலுங்கான். தெருவின் இருமருங்கும் மூங்கிலை வளைத்து, குருத்தோலையும் நெற்கதிரும் பழங்களும் கட்டி, நுனி தாழ்ந்து தொங்க நட்டிருந்தார்கள். பென்ஜோர் என்று பெயர். நம் ஊர்த் திருவிழாத் தோரணங்களைப் பார்த்த கண்ணுக்கு வேற்றூர் என்றே தோன்றாது. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: முந்திய நாள் அவர்கள் வீட்டில் அசைவ விருந்து சமைப்பது மரபு. அது நமக்கு ஒவ்வாது என்று தெரிந்து, எங்களை மறுநாள் காலை பூஜைக்கே அழைத்திருந்தார் நண்பர்.

வீட்டு வடகிழக்கு மூலையில் குலதெய்வச் சந்நிதிகள். அவர் தாயார் வெள்ளாடை உடுத்தி, பழங்களைக் கோபுரமாக அடுக்கிய படையலோடு வந்தார். வயது எழுபத்தைந்து இருக்கும். தரையில் அமர்ந்து, கைகளை நெற்றிக்கு மேல் குவித்து, முதலில் வெறுங்கையால், பிறகு மலரேந்தி, மீண்டும் வெறுங்கையால் என ஐந்து முறை வணங்கினோம். தீர்த்தம் தெளித்தார்கள், மும்முறை பருகத் தந்தார்கள், நனைந்த அரிசியை நெற்றியில் ஒட்டினார்கள். அட்சதையேதான்.

பூஜை முடிந்ததும் அந்த அம்மாள் என் மனைவியின் அருகில் வந்து அமர்ந்தார். மகன் நடுவில் மொழிபெயர்த்தார். கணவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபின் தாம் பார்க்கவில்லை என்றார். என் மனைவி தன் தம்பியைப் பற்றிச் சொன்னாள். அதற்குமேல் மொழிபெயர்ப்புக்கு வேலை இருக்கவில்லை. அந்த அம்மாள் எழுந்துபோய், குருத்தோலைத் தட்டொன்று புதிதாக எடுத்து, நான்கு நிறப் பூவும் வைத்து, என் மனைவியின் கையில் கொடுத்தார். தம் கணவருக்கு வைத்த தட்டின் பக்கத்தில் அதை வைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முறையா, முறையில்லையா என்று எந்த வாத்தியாரைக் கேட்பது? வை என்று தலையசைத்தேன்.

வெள்ளிக்கிழமை பெசாகி. ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில், ஆகுங் மலையின் மடியில், படிப்படியாக உயரும் கோயில்களின் தொகுதி. கீழே வண்டியை நிறுத்திவிட்டு மின்கல வண்டியில் மேலே செல்லலாம். முழங்கால் வலியுள்ளோர் அஞ்ச வேண்டாம். மேலே மட்டும் படிகள் உண்டு. பிரதான ஆலயத்தில் மூன்று இருக்கைகள். நடுவில் வெள்ளைத்துணி சாத்திய சிவாசனம். சிவப்பு பிரம்மாவுக்கு, கறுப்பு விஷ்ணுவுக்கு. நாங்கள் இந்துக்கள் என்று நண்பர் சொல்ல, பெமாங்கு என்னும் பூசாரி அமர இடம் காட்டினார். மேகம் விலகி மலையுச்சி சில நிமிடம் தெரிந்தது. மனைவி திருக்கடையூர்க் குங்குமத்தைச் சிறு பொட்டலமாகக் கொண்டு வந்திருந்தாள். அதை நெற்றியில் இட்டுக்கொண்டு, எனக்கும் இட்டாள்.

இறங்கி வரும்போது அன்றைய வண்டிக்கு எவ்வளவு என்று கேட்டேன். நண்பர் சிரித்துக்கொண்டே கைப்பேசியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். பழைய கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கம். 14 மார்ச் 2020, பெசாகி, இரண்டு பேர், மூன்று லட்சம், வந்தது. "இந்தப் பயணத்துக்குப் பணம் அப்போதே கொடுத்துவிட்டீர்கள், பாபக். வண்டியை விற்றபோதும் இந்தக் கணக்கை நான் அடிக்கவில்லை" என்றார். நான் வற்புறுத்தினேன், வாங்க மறுத்துவிட்டார். அவர் தாயாருக்கு ஒரு புடவை என்று சொல்லி என் மனைவி எடுத்துக் கொடுத்ததை மட்டும் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை திரும்பினோம். அமாவாசைத் தர்ப்பணம் குறைவின்றி நடந்தது. அன்று மாலை, மறுநாள் தொடங்கும் நவராத்திரிக்குக் கொலுப்படி கட்டிக்கொண்டிருந்தவள், கையில் பொம்மையை வைத்துக்கொண்டே என்னை அழைத்தாள்.

"அடுத்த கலுங்கான் எப்போது வருகிறது? 210 நாள் கூட்டிப் பாருங்கள்."

கூட்டிப் பார்த்தேன். 2025 ஏப்ரல் 23, சித்திரை பத்து. சொன்னேன்.

"வெயில் காலமாயிற்றே" என்றாள். பொம்மையைத் துடைத்து மேல்படியில் வைத்துவிட்டு, "அங்கே மலைமேல் குளிர்ச்சியாகத்தான் இருக்கும்" என்றாள்.